சட்டநிரூபண சபையில் சேர் பொன்னம்பலம் இராமநாதர்

மனம், வாக்கு, காயம் என்னும் முக்கரணங்களுள் நடுவில் நிற்பது வாக்கு. மனத்திலே தோன்றியதை வெளியே கொணர்வதும், காயத்தாற் செய்யப்படும் வினைக்கு வழிவகுப்பதும் அதுவே. அதனாலன்றோ திருவள்ளுவ நாயனார் அமைச்சியலிலே சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களை வகுத்தருளினார். அவையிலே பேசுதல் ஒரு கலை மாத்திரமன்று. அஃது ஓர் அறமுமாம். பொருளை ஐயமறக் கற்றலும், கேட்போரின் தன்மையை அறிதலும், அஞ்சவேண்டாத விடத்து அஞ்சாமையும், சொல்லத்தகாததைச் சொல்லாமையும் அவ்வறத்தின் உறுப்புக்கள்.

தமிழிலே வாக்கு என்னுஞ் சொல் பேச்சையுங் குறிக்கும். சபையிலும் தேர்தலிலும் ஒருவர் தமது சம்மதத்தைத் தெரிவிப்பதையுங் குறிக்கும். இவ்விரண்டனுள் பின்னையது பெரும்பாலுந் தமக்குத் துணையாகாத ஒரு சபையிலே, முன்னையதையே படைக்கலமாகக் கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதர். நம் பாடசாலைகளிலே அவரைப் பற்றிப் பேசும் மாணாக்கர், இரு கல்லூரிகளை நிறுவிய வள்ளல் என்று அவரைப் புகழ்வர். சபையிலே அவர் ஆற்றிய தொண்டினை ஒரு வசனத்திற் சொல்லி அப்பாற் செல்வர். அத்தொண்டினையே இங்கு விரித்துக் கூறப் புகுந்தோம். அதன் ஒளியை மாத்திரமன்றி நிழலையுங் கூறுவோம். நிழலை மறைத்துச் சொல்லும் சரித்திரம் மாணாக்கருக்குப் பயன்படாது. உபாத்தியாயருக்கோ அது தகவுமன்று.

பிறப்பும் கல்வியும்

இராமநாதர் 1851ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 16ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் மானிப்பாயைச் சேர்ந்தவரும், கொழும்புக் கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைத் தாபித்தவருமாகிய பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சியம்மையார். அம்மையாருடைய தந்தையாராகிய குமாரசுவாமி முதலியாரே இலங்கைச் சட்டநிரூபண சபையிலே தமிழருக்கென வைக்கப்பட்ட ஆசனத்தில் முதன்முதல் அமர்ந்தவர். அம்மையாருடைய சகோதரர் சேர் முத்துக்குமாரசுவாமி 1862 முதல் 1879இல் இறக்கும்வரை அவ்வாசனத்தை அலங்கரித்தவர். இராமநாதருடைய தமையனார் குமாரசுவாமியும், தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் பிற்காலத்திலே அதே சபையில் அமர்ந்தனர். ஆகவே அச்சபை அக்குடும்பத்தார்க்கு மூன்று தலைமுறையாகப் பழகிய இடமாயிற்று.

குடிப்பிறப்பு ஒருவரைச் சபையின் வாயில்வரை கொண்டுசெல்லும். உள்ளே பேசவைப்பது கல்வியே. இராமநாதர் கொழும்பு அக்கடெமியிலும், பின்னர்ச் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் பயின்றார். இலங்கைக்கு மீண்டபின் சேர் றிச்சாட் மோர்கனிடஞ் சட்டங் கற்று அப்புக்காத்தாயினார். வழக்குரைத்துப் பொருளீட்டுதலோடு அமையாது, உயர்நீதிமன்றத்தார் முற்காலத்திலே அளித்த தீர்ப்புக்களைத் தேடித் தொகுத்து அச்சிடும் அரிய முயற்சியை மேற்கொண்டார். பழந் தீர்ப்புக்களை வரிவரியாக ஆராய்ந்த அப்பயிற்சியே பின்னர்ச் சபையிலே அவருடைய பேச்சுக்கு எலும்பும் நரம்புமாய் நின்றது. அவர் எழுந்தால் முன்னுதாரணங்களும், சட்டப் பிரிவுகளும், அரசாங்கத்தாருடைய பழைய கடிதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உணர்ச்சியூட்டுவது அவருக்கு நோக்கமன்று. ஆதாரத்தினால் எதிராளியை நெருக்குவதே அவரது முறை.

சபையின் அமைப்பு

அக்காலத்துச் சபையின் தன்மையை அறியாதார்க்கு அவரது தொண்டின் அருமை விளங்காது. 1833ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அச்சபைக்குத் தேசாதிபதியே தலைவர். உத்தியோகத்தர் 9 பேர். உத்தியோகப்பற்றற்றவர் 6 பேர். இவ்வறுவருள் மூவர் ஐரோப்பியர், ஒருவர் பறங்கியர், ஒருவர் சிங்களவர், ஒருவர் தமிழர். எல்லாரும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவர்களே. குடிகள் ஒருவரையுந் தெரிவுசெய்யவில்லை. உத்தியோகத்தர் அரசாங்கத்தின் பக்கமே கையுயர்த்தக் கடமைப்பட்டவர். உத்தியோகப்பற்றற்றவர் அறுவரும் ஒருமனப்பட்டு எதிர்த்தாலும் அவர்கள் தோற்பது திண்ணம். அவ்வாறாயின் தமிழ்ப் பிரதிநிதியொருவர் செய்யக்கூடியது யாது?

அவர் வினா எழுப்பலாம், பத்திரங்களைச் சபை முன் வைக்கும்படி கேட்கலாம், பேசலாம். பேசியது பதிவுசெய்யப்படும். பதிவுசெய்யப்பட்டது கொழும்புப் பத்திரிகைகளில் வெளிவரும். பின்னர் கப்பலேறி இலண்டன் மாநகரிலுள்ள குடியேற்ற நாட்டு மந்திரியின் மேசைக்குஞ் செல்லும். எனவே சபையிலே பேசுவோர் தம்முன் அமர்ந்திருந்த தேசாதிபதிக்கு மாத்திரம் பேசவில்லை. அவருக்கு மேலுள்ளாரும் படிக்கும் ஒரு சாட்சியத்தை எழுதுவித்தனர். பொய்யோ மிகையோ அதிற் கலந்தால் ஒரு மறுமொழியிலே முழுவதும் உடைந்துவிடும். ஆதாரமின்றிப் பேசாமை என்னும் விரதத்தை இராமநாதர் பூண்டதற்குக் காரணம் இதுவே.

மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. அச்சபையின் பாஷை இங்கிலிஷ் ஒன்றே. யாருக்காகப் பேசப்பட்டதோ அக்குடிகளுட் பெரும்பாலார் அங்கு பேசப்பட்டதை நேரே அறியும் வாய்ப்பற்றவராயிருந்தனர். உதயதாரகை, இந்துசாதனம் முதலிய தமிழ்ப் பத்திரிகைகளின் வாயிலாகவே சபையின் செய்தி ஊர்களை வந்தடைந்தது.

முதற்காலம்

சேர் முத்துக்குமாரசுவாமி 1879இல் இறந்தபோது அவ்வாசனம் யாரைச் சேர்வதென்னும் விவாதம் எழுந்தது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் அப்பொழுது இராமநாதரை ஆதரித்தார். நாவலரவர்கள் அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலே சிவபதமடைந்தார். அவர்களுடைய பொதுநலச் செயல்களுள் இறுதியானவற்றுள் இவ்வாதரவும் ஒன்று. 28 வயதினராகிய இராமநாதர் சபையிற் புகுந்து, 1890களின் முற்பகுதிவரை தமிழ்ப் பிரதிநிதியாயிருந்தார். அக்காலத்துப் பேச்சுக்களுட் சிறந்தவை பின்னர் 1929இலே ஒரு நூலாகத் தொகுக்கப்பட்டன.

தமிழருக்கென நியமிக்கப்பட்டவர் தமிழருக்கு மாத்திரம் பேசினாரல்லர் என்பதே அப்பேச்சுக்களின் முதற் சிறப்பு. இந்நாட்டிலே பெருந்தொகையினராகிய பௌத்தர் தம் தலையாய புண்ணிய தினமாகிய வைகாசிப் பூரணையை விடுமுறை நாளாகப் பெறாதிருந்தனர். அக்குறையைத் தீர்க்கும்படி பௌத்தர் மன்றாடினர். கேணல் ஒல்கொட் 1884இல் இலண்டன் சென்று முறையிட்டார். சைவராகிய இராமநாதரும் அவர்களுக்குத் துணைநின்றார். 1885இல் அத்தினம் பொது விடுமுறையாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஏழைகளும் சிறுதொகை சேர்த்துவைக்கத்தக்க தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி அதே 1885இலே தோன்றியதற்கு உழைத்தோருள்ளும் அவரை ஒருவராகச் சொல்வர்.

தன் சமயத்தை உறுதியாகப் பற்றிய ஒருவரே பிறர் சமயத்தின் உரிமையையும் உணர்ந்து பேசவல்லார் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. சமய உணர்ச்சியற்ற ஒருவருக்கு ஒரு திருநாளின் அருமை எவ்வாறு விளங்கும்?

காயமுண்டாக்கிய பேச்சு

அதே காலத்துப் பேச்சுக்களுள் ஒன்று நன்மையினுந் தீமையே மிகுதியாகப் பயந்தது. முஸ்லிம்களின் விவாகப் பதிவு பற்றிய சட்டம் 1885இலே ஆலோசிக்கப்பட்டபோது, இலங்கைச் சோனகர் பாஷையினாலும் வழக்கங்களினாலும் இனத்தினாலுந் தமிழரே என்று இராமநாதர் சபையிலே வாதித்தார். அவ்வாதத்தை விரித்து 1888இலே றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையிலே ஒரு கட்டுரையாகவும் வாசித்தார். அக்காலத்திலே சோனகர் தமக்கென ஓர் ஆசனம் வேண்டுமென்று கேட்டுநின்றனர். தமிழ்ப் பிரதிநிதியின் இக்கூற்றைத் தம்மைத் தமிழருள் அடக்கி, அவ்வாசனத்தைத் தடுக்கும் சூழ்ச்சியென்றே அவர்கள் கொண்டனர். 1889இலே சபையின் உத்தியோகப்பற்றற்ற ஆசனங்கள் 8 ஆகப் பெருகியபோது, கண்டிச் சிங்களவருக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றும் வழங்கப்பட்டன. ஆயினும் மனக்காயம் ஆறவில்லை. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் என்பார் 1907இலே அக்கட்டுரையை மறுத்து ஒரு நூல் வெளியிட்டார்.

இராமநாதர் காட்டிய பாஷை ஒற்றுமையும் வழக்க ஒற்றுமையும் உண்மையிலே உள்ளனவே. ஆயினும் ஒரு சமூகத்தார் தாம் யார் என்பதைத் தாமே சொல்லும் உரிமையுடையர். அவர்களுடைய பிரதிநிதி ஒருவரும் இல்லாத சபையிலே, மற்றொருவர் அதனைத் தீர்த்துச் சொல்லும்போது, ஆதாரங்கள் எத்துணை மிகுதியாயினும் அச்சொல் அவர்களைச் சுடும். 1990ஆம் ஆண்டு வடமாகாணத்து முஸ்லிம்கள் தம் இல்லங்களினின்றும் வெளியேற்றப்பட்ட கொடுமையைக் கண்ட தலைமுறையினராகிய நாம், அயலாரைப் பற்றிச் சொல்லும் ஒரு சொல் நூறாண்டு நிலைக்கும் என்பதை மாணாக்கருக்கு உணர்த்தக் கடமைப்பட்டுள்ளோம்.

உத்தியோகமும் ஞானத் தேட்டமும்

பின்னர் இராமநாதர் சொலிசிற்றர் ஜெனரல் என்னும் பெரிய சட்ட உத்தியோகத்தை ஏற்று 1906 வரையில் அதில் அமர்ந்தார். இக்காலமே அவருடைய அகவாழ்வு முதிர்ந்த காலம். தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு ஞானசாத்திரங்களைக் கற்றார். சைவ சித்தாந்த நோக்கோடு கிறிஸ்தவ வேதத்தின் மத்தேயு, யோவான் என்னும் இரு சுவிசேஷங்களுக்கு இங்கிலிஷிலே வியாக்கியானம் எழுதினார். 1905, 1906ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா தேசஞ் சென்று ஆன்மஞானத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். பகவற்கீதைக்குத் தமிழிலே உரை இயற்றினார். தந்தையார் தாபித்த கொச்சிக்கடை ஆலயத்தைக் கருங்கற் றிருப்பணியாகப் புதுக்கினார்.

1904இலே கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலே சிங்கள மக்களை நோக்கி, தாய்மொழியையும் முன்னோர் வழக்கங்களையும் கைவிடுதல் ஒரு சாதியாரின் அழிவுக்கு வழியாமென்று எடுத்துரைத்தார். தமிழரொருவர் சிங்களவரிடஞ் சென்று சிங்களத்தைப் பேணுங்கள் என்று வேண்டியது, பின்னாளில் இந்நாட்டிலே பாஷையின் பொருட்டு நிகழ்ந்தவற்றை அறிந்த நமக்கு வியப்பையுந் துயரையும் ஒருங்கே தருகின்றது.

குடிகள் தெரிந்த பிரதிநிதி

சபைச் சீர்திருத்தத்தின் பயனாக, கற்ற இலங்கையர் என்னும் ஒரு தொகுதி அமைக்கப்பட்டு 1911ஆம் ஆண்டின் இறுதியிலே தேர்தல் நடைபெற்றது. தீவு முழுவதற்குமாக வாக்குரிமை பெற்றவர் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த தொகையினர். சொத்தும் இங்கிலிஷ்க் கல்வியும் உடையவரே அவர்கள். அவர்களுள் பெரும்பாலார் சிங்களவர். அவ்வாறிருந்தும், சிங்கள வைத்திய கலாநிதியாகிய மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்று இராமநாதர் தெரிவானார். இனபேதங் கருதாத வெற்றியென்று இதனைப் பலரும் புகழ்வர். சிங்களவருள் இருந்த சாதிப்பகையும் அவருக்கு வாக்குக்களைச் சேர்த்தது என்பதையும் சரித்திரகாரர் காட்டுவர். இரண்டும் உண்மையே. 1917இலும் அவரே மீண்டுந் தெரிவுசெய்யப்பட்டார்.

1912இலே கள்ளுத் தவறணைகளைப் பெருக்கும் மதுவரித் திட்டம் வந்தபோது, வருமானத்தின் பொருட்டுக் குடிகளைக் குடிகாரராக்குதல் தகாதென்று மதுவிலக்காளர் நாடெங்கும் எதிர்த்தெழுந்தனர். இராமநாதரும் அவர்கள் பக்கம் நின்றார்.

1915ஆம் ஆண்டு

அவருடைய சபை வாழ்விலே தலைசிறந்த காலம் 1915ஆம் ஆண்டே. அவ்வாண்டு மே மாதம் 28ஆந் திகதி இரவு, வைகாசிப் பூரணை விழாவின்போது, கண்டியிலே பள்ளிவாசலொன்றின் அயலிற் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையிலே கலகம் மூண்டு பல மாகாணங்களுக்கும் பரவியது. முஸ்லிம்களுட் பலர் உயிரிழந்தனர், கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. தேசாதிபதி சேர் றொபேட் சாமேர்ஸ் ஜூன் மாதம் 2ஆந் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கலகம் சில தினங்களில் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஓகஸ்ட் மாதம் 30ஆந் திகதி வரையும் நீடித்தது. நீதிமன்றங்கள் திறந்திருக்கையிலே குடிகள் இராணுவ மன்றங்களில் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். விசாரணை இன்றியே சுடப்பட்டவரும் உளர். ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் ஜூலை மாதம் 7ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். டி. பி. ஜயதிலக, டபிள்யூ. ஏ. டி சில்வா, எப். ஆர். சேனநாயக்க, அவர் தம்பியார் டி. எஸ். சேனநாயக்க முதலிய தலைவர்கள் சிறைப்பட்டனர். அச்சம் எங்கும் பரவியது. வாய் திறப்பார் அரியராயினர். ஐரோப்பாவிலே மகாயுத்தம் நடந்த காலமாதலின், அரசாங்கத்தைக் குறைகூறுதல் இராசத்துரோகமெனக் கருதப்படவும் கூடும்.

அந்நிலையில், 64 வயதினராகிய இராமநாதர் சபையிலே எழுந்தார். அதிகாரிகள் செய்தவற்றுக்கெல்லாம் பிற்காலத்திலே வழக்கு வாராதபடி காப்பளிக்குஞ் சட்டம் ஆலோசனைக்கு வந்திருந்தது. அவர் வாதித்ததன் சாரத்தை நம் வசனத்திற் கூறுவோம். இராணுவச் சட்டமென்பது ஒரு சட்டமன்று. நீதிமன்றங்கள் இயங்காதொழிந்த ஆபத்திலே, ஆபத்து நீங்குமளவும் மாத்திரம் பொறுக்கத்தக்க ஒரு நிர்ப்பந்தம். நீதிமன்றங்கள் இயங்கிக்கொண்டிருந்தன, ஆபத்தும் விரைவிலே நீங்கிற்று. ஆகவே அதன்பின் நிகழ்ந்த விசாரணைகளும் தண்டனைகளும் நியாயத்துக்கு மாறானவை. நல்லெண்ணத்தோடு செய்தவருக்குக் காப்பளிக்கலாம். கொடுமை செய்தவருக்கும் அதே காப்பை அளித்தல் நீதியை விற்பதாகும். கலகம் அரசை எதிர்த்த கிளர்ச்சி என்பதற்குச் சான்றில்லை. இவற்றையெல்லாம் பாரபட்சமற்ற ஆணைக்குழு ஒன்று விசாரித்தல் வேண்டும்.

சபையிலே இவ்வாதம் தோற்றது. தோற்குமென்பதை அவரும் அறிவார். சட்டம் நிறைவேறியது. ஆனாற் பேச்சு நின்றுவிடவில்லை. சபைப் பேச்சுக்களும் பத்திரங்களும் 1916இலே இலண்டனில் நூலாக வெளிவந்தன. ஈ. டபிள்யூ. பெரேரா முதலியோரும் இலண்டனிலே இவ்வழக்கை எடுத்துரைத்தனர். சாமேர்ஸ் இலங்கையினின்றும் நீங்கினார். அவருக்குப் பின்வந்த தேசாதிபதி சேர் ஜோன் அன்டேர்சன் காலத்திலே கேகாலைப் பகுதியில் நிகழ்ந்த சுடுதல்கள் விசாரிக்கப்பட்டு நியாயமற்றவையெனக் காணப்பட்டன. இராமநாதர் கேட்ட பெரிய ஆணைக்குழு நியமிக்கப்படவில்லையாயினும், அவர் கேட்ட வினாவுக்கு ஒரு பகுதி விடை கிடைத்தது. அவர் கடல்கடந்து மீண்டபோது, சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே அவருடைய வண்டியைக் கொழும்பு வீதிகளிலே இழுத்துச் சென்றார்களென்று வழிவழியாகச் சொல்லப்படுகின்றது.

இங்கும் ஒரு குறையை நடுநிலையாளர் காண்பர். சிங்களத் தலைவர்களுக்கு அத்துணை வன்மையாக வாதாடியவர், கடையையும் உயிரையும் இழந்த முஸ்லிம்களின் துன்பத்துக்கு அதற்கேற்ற இடந் தரவில்லையென்று முஸ்லிம்கள் வருந்தினர். அவ்வருத்தத்தை அகாரணமென்று நாம் தள்ளுதற்கில்லை.

கல்லூரிகள்

சபையிலே வெல்லமுடியாதவற்றைக் கல்வியினால் வெல்லலாமென்று அவர் கருதினார்போலும். 1913இலே மருதனார்மடத்திலே சைவப் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், 1921இலே திருநெல்வேலியிலே பரமேசுவராக் கல்லூரியையும் தம் பொருளைக்கொண்டு நிறுவினார். 1923இலே தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்துக்குந் துணைநின்றார். பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்திலேயே 1974இலே பல்கலைக்கழக வளாகம் அமைந்து, பின்னர் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாயிற்று. இவை யாவருமறிந்தனவாதலின் விரியாது விடுகின்றாம்.

இறுதிப் போராட்டம்

1921இலே சேர் பட்டம் பெற்ற இராமநாதர், 1924இலே வடமாகாணத்திலிருந்து தெரிவாகி மீண்டுஞ் சபையில் அமர்ந்தார். அப்பொழுது சபையின் தோற்றம் மாறியிருந்தது. உத்தியோகத்தர் 12 பேர், உத்தியோகப்பற்றற்றவர் 37 பேர். உத்தியோகத்தரால் தோற்கடிக்கப்படுங் காலம் போய், எண்ணிக்கையால் இனங்கள் ஒன்றையொன்று அளக்குங் காலம் வந்தது. தம்பியார் அருணாசலம் தாம் முதற்றலைவராயிருந்த இலங்கைத் தேசிய காங்கிரசை விட்டு நீங்கி, 1924 ஜனவரியிலே காலமானார். 1915இல் இராமநாதரைக் கொண்டாடியவர்கள் இப்பொழுது எதிர்வரிசையில் நின்றனர்.

டொனமூர்ப் பிரபுவைத் தலைவராகக் கொண்ட ஆணைக்குழு 1928இலே அறிக்கை வெளியிட்டது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தலும், வாக்குரிமையைப் பெருந்தொகையான மக்களுக்கு விரித்தலும் அதன் முக்கிய சிபார்சுகள். இராமநாதர் இரண்டையும் எதிர்த்தார். சிறுதொகையினருக்குக் காப்பு ஏதுமின்றி எண்ணிக்கை ஒன்றையே நீதியாகக் கொண்டால் அவர்களுடைய குரல் அடங்கிவிடுமென்றார். கல்வியறிவு பெறாத ஏழைகளுக்கும், பெண்களுக்கும் வாக்குரிமை அளித்தல் தகாதென்றும் வாதித்தார். 1929 டிசம்பரிலே அத்திட்டம் 19க்கு 17 என்னும் வாக்குக்களாற் சபையிலே ஏற்கப்பட்டது. 79 வயதிலே, 1930இல், அவர் மீண்டும் இலண்டன் சென்று மந்திரி பாஸ்பீல்ட் பிரபுவிடந் தமது விண்ணப்பத்தைக் கொடுத்தார். அது பலிக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் மாதம் 26ஆந் திகதி கொழும்பிலே சிவபதமடைந்தார். அவருடைய சமாதி மருதனார்மடத்திலே இராமநாதன் கல்லூரி வளவில் உள்ளது.

இவ்விறுதிப் பேச்சை எவ்வாறு மதிப்பது? சிறுதொகையினரின் காப்பைப் பற்றி அவர் கொண்ட அச்சம் வீணானதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியதும், 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழைப் புறந்தள்ளியதும், காப்பற்ற எண்ணிக்கை என்ன செய்யுமென்பதை விளக்கின. ஆயின் ஏழைக்கும் பெண்ணுக்கும் வாக்கில்லையென்று அவர் சொன்னது அறமன்று. அச்சத்துக்கு மருந்து காப்பை வேண்டுதலேயன்றி, தன்னிலும் எளியாரின் உரிமையை மறுத்தலன்று. பெண்களுக்கு உயர்கல்வி வேண்டுமென்று 1913இலே கல்லூரி நிறுவிய பெரியார், அக்கல்வி பெற்ற பெண்கள் தம் பிரதிநிதியைத் தெரிதலாகாதென்றது பொருந்துமாறில்லை. 1931இலே 21 வயதடைந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. அவருடைய கல்லூரியிலே படித்து வெளியேறிய மாதரும் அவ்வுரிமையைப் பெற்றனர். அதனால் நாடு கெடவில்லை.

உபாத்தியாயர்கள் கொள்ளத்தக்கவை

இச்சரித்திரத்தால் நாம் அறிவது யாது? தோற்குமென்று தெரிந்தும், ஆதாரத்தோடு சொல்லப்பட்ட நியாயம் வீண்போகாது என்பது ஒன்று. 1915இலே சபை மறுத்ததைக் காலம் ஒரு பகுதியேனும் ஏற்றுக்கொண்டது. தன்னவருக்காக மாத்திரமன்றிப் பிறருக்காகப் பேசும்போதே ஒருவருடைய பேச்சு பெருமையடைகின்றது என்பது மற்றொன்று. வைகாசிப் பூரணைக்காகவும், சிறைப்பட்ட சிங்களத் தலைவருக்காகவும் பேசிய இராமநாதரை எவரும் மறுக்கார். சபையில் இல்லாதாரைப் பற்றிப் பேசும்போதும், வலியற்றாரின் உரிமையை அளக்கும்போதும் மிகுந்த விழிப்பு வேண்டும் என்பது மூன்றாவது. சொல்வன்மை மிக்காரும் அவ்விரண்டிடத்திலேயே இடறினர்.

ஆகவே உபாத்தியாயர்களாகிய அன்பர்கள், இராமநாதர் தினத்திலே மாணாக்கரைக் கொண்டு அவருடைய புகழை மனனஞ் செய்வித்து ஒப்புவிப்பதோடு அமையாது, பாடசாலை மாணவர் மன்றத்தை ஒரு சட்டநிரூபண சபையாக அமைத்து, 1915ஆம் ஆண்டு வழக்கையும் 1928ஆம் ஆண்டு வழக்கையும் இருபக்கமுந் தமிழிலே வாதிக்கச் செய்வார்களாக. ஒரு பக்கத்தார் இராமநாதரின் நியாயத்தைச் சொல்லட்டும். மறுபக்கத்தார் சோனகரின் நியாயத்தையும், வாக்குரிமை அற்றிருந்த தொழிலாளியின் நியாயத்தையும், பெண்ணின் நியாயத்தையுஞ் சொல்லட்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரங் கேட்கப்படட்டும். கூச்சத்தால் வாய்திறவாத பிள்ளைக்கு முதலிடங் கொடுக்கப்படட்டும். அவையஞ்சாமையும் அவையறிதலும் ஒருங்கே வளர்வது அவ்விதமேயாம். பெரியார் ஒருவருடைய நாளை அவருடைய படத்துக்கு மாலையிட்டுக் கொண்டாடுவது எளிது. அவர் வல்லவராயிருந்த கலையிலே, அவர் இடறிய இடத்திலும் இடறாத பிள்ளைகளை ஆக்குவதே மேலாய கொண்டாட்டம்.

வாக்குக்கு எட்டாத பெருமான், நம் பிள்ளைகளின் வாக்கிலே உண்மையும் அஞ்சாமையும் அன்பும் ஒருங்கே விளங்கத் திருவருள் பாலிப்பாராக.